பத்துக் கட்டிலுக்கு நான் ஒருத்தி

போன வருடம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு, மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் நடந்தது இது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்ட அப்பாவை, அரசாங்க மானியத்தில் நடக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போயிருந்தேன். எனக்கும் கணவருக்கும் சுங்கை காடுட் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எஸ்டேட் வீட்டில் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தோம். இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்று நிம்மதியாகத்தான் போனேன்.

அந்த அறையில் பத்துக் கட்டில். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு அக்கா. வேறு ஆள் இல்லையா என்று கேட்டேன். "கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். மேலேருந்து காசு வந்தாத்தான லா ஆள் போடுவாங்க" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, குளியலறையில் தடாலென்று சத்தம். அங்கே எழுந்து நடக்கக்கூடிய ஒரே பெரியவர் விழுந்து கிடந்தார். தலையில் ரத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தால், வர நேரமாகும் என்றார்கள். இல்லத்து வேன் டிரைவரும் அக்காவும் அவரைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். "தங்கச்சி, இவங்கள கொஞ்சம் பாத்துக்க லா, வந்துடறேன்" என்று அக்காவும் ஏறிக்கொண்டார். நான் சரி என்று சொல்வதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

வேன் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் மறைந்ததும், யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பயந்தது போலவே ஆனது. அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் மல்லாக்கப் படுத்திருந்த சீனப் பெரியவர் வாந்தி எடுத்தார். அது தொண்டையில் அடைத்து முகம் நீலம் பாய்ந்துவிட்டது. அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. என் கண் முன்னாலேயே செத்துவிடப் போகிறார் என்று மட்டும்தான் மனதில் ஓடியது. அவரை இழுத்து ஒருக்களித்துப் புரட்டி, வாய்க்குள் விரலை விட்டு வழித்து, முதுகில் தட்டினேன். ஒருவழியாக இருமினார், மூச்சு வந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அக்கா வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். "நல்லவேள, இன்னிக்கி நீ இருந்த" என்று சொல்லிவிட்டுப் சீனப் பெரியவரின் துணியை மாற்றப் போனார். காலையிலிருந்து அக்கா சாப்பிடவில்லை என்று அவர் முகமே சொன்னது. கோபப்படக்கூட முடியவில்லை.

எனக்கு இரவு ஷிப்ட். கிளம்பும்போது அப்பா நல்ல கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே படுத்திருந்தார்.

"நீ போயிட்டா இங்க யாரும்மா இருக்கா?" என்றார், குழறியபடி.

வீட்டிலும் ஆள் இல்லையே. அவர் விரல்களை விலக்கிவிட்டுத்தான் வந்தேன். இடம் கிடைப்பது வேறு, பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பது வேறு என்று அன்றுதான் புரிந்தது. இன்றும் வேலை நேரத்தில் போன் அடித்தால், இல்லத்திலிருந்து இருக்குமோ என்று எடுக்கவே பயமாக இருக்கிறது.