கிருசாந்தியின் மூன்றாவது நாள்

விரல்கள் வரவு இடாப்பின் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்ந்தன. வரி பிசகாமலிருக்க வைத்த அடிமட்டம் ஒரு பெயருக்குக் கீழே கிடந்தது. மாதம் முடியும் இடத்தில் பென்சில் சின்னக் கோடு போட்டது. இரண்டு கோடு சேர்ந்தால் ஒரு நாள் சுகயீன லீவு. முதல் வருடக்காரருக்கு அந்த ஆடைத் தொழிற்சாலையின் கணக்கு அப்படித்தான்.

கோடு போட்டவர் தயாளினி. வயது ஐம்பத்திரண்டு. புதுக்குடியிருப்புக்கு அருகிலுள்ள அந்தத் தொழிற்சாலையில் சம்பளமும் லீவும் பார்ப்பவர். நானூறு பேருடைய காய்ச்சலும் வயிற்றுக்குத்தும் எந்தத் திகதியில் வந்தன என்று அவருக்குத் தெரியும். சுகமாக இருப்பவர்கள் அவருடைய அறைக்கு வருவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் போய் அமர்ந்தால் வாங்கிலில் கதை நின்றுவிடும். லீவு எடுத்துவிட்டு எங்கே போனார்கள் என்பதுதானே அங்கே கதை. அதனால் அறையிலேயே சாப்பிடப் பழகிவிட்டார்.

காலையில் கிருசாந்தி வந்திருந்தாள். சேட்டுக்குக் கொலர் தைப்பவள். மார்பில் ஒரு கட்டி. திங்கட்கிழமை வவுனியா ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்க வேண்டும். மூன்று நாள் லீவு வேண்டும்.

“ரெண்டுதான் கிடக்கு. வைகாசியில உமக்கு ரெண்டு நாள் காய்ச்சல்.”

“அது வற்றாப்பளைப் பொங்கல் காய்ச்சல் அக்கா. எங்கட லைனில அரைவாசிப் பேருக்கு வந்ததுதானே.”

“அம்மன் கோயில் காய்ச்சலெண்டாலும் நான் கழிக்கத்தான் வேணும்.”

கிருசாந்தி சிரித்தாள். பிறகு, “சம்பளம் வெட்டினா ஏலாது அக்கா. தையில புது லீவு வந்தாப் பிறகு கட்டியை வெட்டுவம். இப்ப நோகேல்லைத்தானே,” என்றாள்.

நோகவில்லை என்று அவள் சொன்னதுதான் தயாளினியைப் பழைய இடாப்புகள் கிடந்த அலுமாரிக்கு அனுப்பியது. நோகாத கட்டியைத்தான் தள்ளிப்போடக் கூடாது.

கணினிக் கணக்கின்படி கிருசாந்தி வேலைக்குச் சேர்ந்தது தை முதலாம் திகதி. ஆவணி முடிய எட்டு மாதம், நான்கு நாள். ஆனால் அவள் பயிற்சிக்கு வந்தது அதற்கு முந்திய கார்த்திகை முதலாம் திகதி. அப்போது பயிற்சிக்காரரின் வரவு தனி இடாப்பில் எழுதப்பட்டது. அந்த இரண்டு மாதமும் கணினிக்குப் போகவேயில்லை. சேர்த்தால் பத்து மாதம், ஐந்து நாள்.

மார்கழியில் பென்சில் நின்றது. ஐந்து கட்டங்கள் வெறுமை. வராமல் நின்றிருந்தால் அது முழு மாதமாகாது. தயாளினி அடிமட்டத்தை நெடுக்காக வைத்து மேலிருந்து கீழே பார்த்தார். அந்த ஐந்து நாளும் எல்லாருக்கும் வெறுமைதான். வெள்ளத்துக்குத் தொழிற்சாலை மூடிய நாட்கள். மார்கழியும் தேறியது. லீவுக் கணக்கைத் திருத்துவதற்காக அதே இடாப்பில் இருந்த மற்றப் பதினொரு பேரின் பெயரையும் குறித்துக்கொண்டார்.

தயாளினி கொண்டுபோன இடாப்பைப் பார்த்துவிட்டு முகாமையாளர் சுகிர்தன் கண்ணாடியைக் கழற்றினார். “பழகின காலமும் வேலையோ, மிஸ்?”

“பழகேக்க தைச்ச சேட்டுகளையும் நாங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பினனாங்கள்தானே சேர். லீவு விதியில ‘முதல் வேலை செய்த நாள்’ எண்டுதான் கிடக்கு,” என்று தயாளினி விதிப் புத்தகத்தை நீட்டினார்.

அவர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். “அதுசரி, நீங்கள் வருசம் முழுக்க ஒரு நாளும் எடுக்கேல்லை. உங்களுக்குக் காய்ச்சல் வருத்தமே வாறேல்லையோ?”

“வரும் சேர். வாடகை அறையில தனியக் கிடந்து என்ன செய்யிறது? இங்கயெண்டா இருமினாத் திரும்பிப் பாக்க ஆராவது இருப்பினம்.”

சுகிர்தன் பேனையை மூடி வைத்தார்.

தயாளினி மெஷின்களுக்கு நடுவே நடந்தார். அவர் வரக்கண்டு இரண்டு மூன்று பேர் கதையை நிறுத்தினார்கள். கிருசாந்தி தையலை விட்டு எழும்பினாள்.

“மூண்டு நாளும் கிடக்கு. தைக்குத் தள்ளாதையும். திங்கள் போம்,” என்று சொல்லி, கையெழுத்து வைத்த லீவுத் துண்டை அவளுடைய கையில் கொடுத்தார்.