எதிர் வீட்டைவிட ஒரு மாடி கூட

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். எனக்கு நடந்தது இது. நடுராத்திரிகூட இல்லை. மாலை ஐந்தே கால், வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே வேலை. குடும்பம் குடும்பமாக வருகிறவர்களைப் பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய், அங்கே வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்ல வேண்டும். இந்த விடுமுறைக்கு ஒருத்தி போதும், இரண்டு பேர் நடையையும் பார்த்து முடிவு செய்கிறோம் என்றது ஆபீஸ். போன ஞாயிறு அவள் முறை. குழந்தைகள் அவள் முந்தானையை விடவே இல்லையாம். எனக்கு வயிறு எரிந்தது. ஏன் மறைக்க வேண்டும், நன்றாகவே எரிந்தது.

இந்த ஞாயிறு நான். மேசையில் கிடந்த மைக்கை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டேன். வந்தவர்கள் காதில் ஆளுக்கொரு இயர்போன். வண்டிச் சத்தத்தில் வேறு வழியில்லை. நாங்கள் எப்போதும் பின்னோக்கித்தான் நடப்போம், கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடி. வாண்டுகள் நழுவிவிடக் கூடாதே.

பூட்டிக் கிடந்த அந்த வீட்டின் முன் நிறுத்தினேன். எதிர் வீட்டில் மாடி எழும்பினால், இந்த வீட்டுக்காரி அதைவிட ஒரு மாடி கூடக் கட்டுவாளாம். அவள் செத்துப் பல வருஷமாகிறது. "பொறாமையிலேயே நாலு மாடி ஏறின அம்மா இவங்கதான்!" என்றேன். ஓரகத்தியிடம் இல்லாத ஜோக்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையைத் தூக்கி மேல் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பற்றிச் சொல்லவே இல்லை...

அப்புறம் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றபோது.

ஒரு வாண்டு மேலே பார்த்துக் கையாட்டினான். திரும்பினேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

"யாருக்குடா டாட்டா?"

"பேசுற அத்தைக்கு."

"பேசுறது நான்டா!"

"நீங்க இல்ல. நல்லா பேசுற அத்தை."

சுருக்கென்றது. ஓரகத்திதான்! இன்னொரு மைக் இருந்தால் என் கூட்டத்துக்குள் புகுந்துவிடலாம். போனை எடுத்தேன்.

"ஏண்டி, என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?"

காற்றுதான் வந்தது. பிறகு கரகரவென்று... "அக்கா, ரெண்டு நாளா தொண்டை கட்டிக் கிடக்கேன்..."

அப்படியானால்...

வாண்டின் இயர்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தேன். ஒரு பெண் குரல். என்ன குரல்! சத்தியமாக அதன் மேலும் பொறாமை வந்தது.

"...என் வீட்டுக் கதையைச் சொல்லி எவளோ பேர் வாங்கணுமா?"

இயர்போனைக் காதோடு அழுத்தினேன். அதே குரல்.

"பாருங்க... பிடுங்கிட்டா."

நடையை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை.

மறுநாள் ஆபீஸில் மைக்குகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ரிப்பேருக்கு வச்சதை எடுத்துட்டுப் போயிருக்கீங்களேம்மா! உள்ள பேட்டரியே இல்ல." ஆக, முதலிலிருந்தே அந்த இயர்போன்களில் என் குரல் கேட்கவில்லை.

வேலை எனக்கே கிடைத்தது. வந்த குடும்பத்துக்காரர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் கேட்டார்களாம். ஓரகத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். நீயே வைத்துக்கொள்ளடி தாயே என்று கொடுத்துவிடலாம் போலிருக்கிறது.

ஏனென்றால் அந்த வாண்டின் அம்மா போன் செய்தார்.

"கதை பிரமாதம்ங்க. ஆனா கடைசியில, 'அடுத்த ஞாயிறு அவளை மட்டும் மாடிக்கு அனுப்புங்க, நான் பார்த்துக்கறேன்'னு சொன்னீங்களே... யாரைச் சொன்னீங்க?"