நகப்பூச்சுப் பொட்டு

பேனல் போர்டு வயரிங் செய்கிற அவருக்கு வேலையிடத்தில் டெஸ்டர் என்று பெயர். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. மெயினை அணைத்தாயிற்று என்று யார் சொன்னாலும் தலையாட்டுவார். பிறகு தானே டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். மனைவி பூட்டிய கதவை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டார்.

ஒரே பொழுதுபோக்கு கம்ப்யூட்டரில் கார் பந்தயம். அந்தப் பக்கம் தன் வீட்டிலிருந்து மச்சினன் ஓட்டுவான். அவனைத் தவிர அவருக்குச் சிநேகிதம் என்று யாரும் கிடையாது. தன்னிடம் இருப்பதைப் போலவே ஒரு கிராபிக்ஸ் கார்டை அவன்தான் வாங்கிவந்து கொடுத்தான். பெட்டியின் ஒட்டு பிரிந்திருந்தது.

"ஏன் மாப்ள, சீல் இல்லையே?"

"கடையில டெஸ்ட் பண்ணிக் காட்டினாங்க மாமா. உங்களுக்குன்னதும் ரெண்டு வாட்டி பண்ணச் சொன்னேன்."

கார்டை அவரே மாட்டினார். கார் சுரங்கத்துக்குள் நுழையும்போது திரை உறைந்தது. சத்தம் மட்டும் ஒரே இடத்தில் திக்கியது. கார்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துத் திரும்பப் போட்டார். மெமரியைக் கழற்றித் துடைத்துச் செருகினார். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைத் திறந்து டேபிள் ஃபேனை வைத்தார். உறைந்தது. பழைய கார்டை மாட்டினார், ஓடியது.

"உன் தம்பி புதுசை வெச்சுக்கிட்டுத் தன் பழசை என் தலையில கட்டிட்டான்."

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. அவன் மெஷின்ல போட்டுப் பாத்துட்டு வாங்க."

கிளம்புமுன் அவளுடைய நகப்பூச்சைத் தொட்டு, கார்டின் ஓரத்தில் கடுகளவு பொட்டு வைத்தார். அங்கே மாற்றிவிட்டால் தெரிய வேண்டுமே.

மச்சினன் தன் கார்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டி ஓட்டினான். கார் சுரங்கத்தைத் தாண்டியது, மறுபடியும் தாண்டியது. அவர் திரையைப் பார்க்கவில்லை, திறந்திருந்த கம்ப்யூட்டருக்குள் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு இருந்தது. அதன் பக்கத்தில், பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குத் தனித்தனியாக இரண்டு கேபிள்கள்.

அவர் வீட்டில் போட்டிருந்தது ஒன்று. நுனியில் இரண்டு தலை உள்ள கேபிள். பழைய கார்டுக்கு ஒரு தலை போதுமாயிருந்தது. புதியதில் இரண்டு குழி. தொங்கிய தலையையே இரண்டாவதில் செருகி, பார்வைக்குச் சுத்தமாக டை போட்டு இறுக்கியிருந்தார். இத்தனை லோடை வேறு எவனாவது ஒரே லைனில் இழுத்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

"கார்டுல தப்பில்ல போல."

"அப்ப எதுல மாமா?"

"வயர்ல."

"யார் போட்ட வயர்?"

அவர் டெஸ்டரை வெளியே எடுத்து, திரும்பப் பையில் செருகினார்.

மச்சினன் கார்டைக் கழற்றினான். திருப்பிப் பார்த்த விரல் ஓரத்தில் நின்றது.

"அக்கா பூசுற கலர்," என்றான். "இது எதுக்கு மாமா?"

சிரிப்பான் என்று அவர் காத்திருந்தார். அவன் கார்டைப் பெட்டியில் வைத்து, மூடியை அழுத்திக் கையில் கொடுத்தான்.

வீட்டில் இரண்டாவது கேபிளை இழுத்தார். சுரங்கத்தில் கார் தடையில்லாமல் போயிற்று. திரையில் மச்சினன் பெயருக்குப் பக்கத்தில், ஆன்லைனில் இருக்கிறான் என்று பச்சைப் புள்ளி எரிந்தது. பந்தயத்துக்கு அழைத்தார். ஏற்கவில்லை. மறுபடி அழைத்தார். புள்ளி அணைந்தது.

"என்ன, தம்பி வரலையா?" என்றாள் மனைவி.

"அவன் பக்கம் நெட் சரியில்ல போல," என்றார்.