சாட்சிக்கு ஒரு பொம்பளை

உலை கொதிக்கிற நேரத்தில் ஒருத்தி வந்து, "போலீஸோட ஒரு வீட்டுக்குள்ள செத்த வந்துட்டுப் போங்க"ன்னு கூப்பிட்டால் நீங்கள் போவீர்களா? அப்படிக் கூப்பிடுவதுதான் என் வேலை. பெண்பிள்ளைகளை ஏமாற்றிக் கொண்டுபோய் விற்கிறவர்களைப் பிடிக்க தில்லி சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது. வீட்டைச் சோதனை போட அந்த வட்டாரத்து மரியாதைப்பட்டவர்கள் இரண்டு பேர் சாட்சி நிற்கணும். அதில் ஒருத்தராவது பெண்ணாக இருக்கணும். ஆண் எப்படியோ கிடைத்துவிடுவார். பெண்ணைத் தேடித்தான், அப்படி மீட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் திண்டுக்கல் சர்க்கார் விடுதியின் ஆயாவான நான், இடுப்பில் பிள்ளையோடு கிளம்புவேன்.

கத்தரிக்காய்ச் சாட்சி

எரியோடு ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தியை மில் வேலை என்று கூட்டிவந்து, ரயிலடிக்குப் பின்னால் ஒரு வீட்டில் அடைத்திருப்பதாகத் தகவல். சாயங்கால ரயிலில் பம்பாய்க்கு ஏற்றிவிடுவார்களாம். பதறிப்போய், செம்பட்டியிலிருந்து கத்தரிக்காய் விற்க வந்த என் நாத்தனாரைக் கூடையோடு இழுத்துக்கொண்டு ஓடினேன். இன்ஸ்பெக்டர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, இந்தத் தெருக்காரி வேணும். இவங்களை வச்சா கோர்ட்டுல கேஸும் கத்தரிக்காயாட்டம் கொழைஞ்சு போயிரும்."

படி ஏறி, படி இறங்கி

முதல் வீட்டில் உலை. இரண்டாம் வீட்டில் மகளுக்குப் பேன் பார்க்கணுமாம். மூன்றாம் வீட்டம்மாதான் உள்ளதைச் சொன்னார்: "ஏத்தா, அந்த வீட்டுப் படிய மிதிச்சேன்னு தெரிஞ்சா எம் மகளை எவன் கட்டுவான்? ஒனக்கென்ன, ஒம் மகளுக்கு இன்னும் பல்லே மொளைக்கல!"

பெரிய சட்டி

கடைசியில் துணிந்தவர் தோல் மண்டிக்காரர் வீட்டு ஆமினா அம்மா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். அந்த ரயிலடி வீட்டுக்காரி, "நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டுந்தான்" என்று சத்தியம் செய்தாள். போலீஸார் கட்டிலுக்கடியில் பார்த்தார்கள், கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்கள். ஆமினா அம்மா நேரே அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியைத் திறந்தார்.

"ரெண்டு பேருக்கு இம்புட்டு வெஞ்சனமா? மிச்சம் யாருக்கு?"

வீட்டுக்காரியின் கண் நெல் கொட்டிவைக்கும் குதிர்ப் பக்கம் ஓடியது. அதற்குப் பின்னால் சுருண்டு கிடந்தது அந்தப் பிள்ளை. ஆமினா அம்மா கையைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரி மகளே. எங்க வீட்டுல சூடா சோறு இருக்கு."

இப்போது

அந்தப் பிள்ளை எங்கள் விடுதியில்தான் தையல் பழகுகிறாள். தில்லியில் போட்ட சட்டத்துக்கு இங்கே வாசல்படி தாண்டக் கால் தேடி நான் அலைகிற கதையைச் சொன்னால், என் மகளை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். நேற்றுச் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, எங்க எரியோட்டுப் பக்கம் சாட்சி வேணும்னா என்னையக் கூப்பிடுங்க. எனக்கு உலையும் இல்ல, பேனும் இல்ல."