படப்பை ஜெபக்கூடமும் பதினெட்டாம் கேள்வியும்

ஏரி, மலை, பாழடைந்த கோட்டை என்று தாம்பரத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் இடங்களைப் பற்றித்தான் இந்த வலைப்பூவில் எழுதி வருகிறேன். இந்தப் பயணம் அந்த வகை இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். யாராவது இதே நிலைமையில் இதே பேருந்துக்குக் காத்திருக்கலாம் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன். தெளிவை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அது எனக்கே இல்லை.

என் மனைவி மெர்சி கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழு மாதமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்காருகிறார்கள் என்பாள். எட்டு கிலோ இறங்கிவிட்டாள். தைராய்டு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ரிப்போர்ட்டும் சரியாகிவிட்டது. உட்கார்ந்தவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார் டாக்டர். இது செய்வினை, படப்பைப் பக்கம் பேயோட்டுகிற விடுதலை ஜெபம் நடக்கிறது, அங்கே போ என்றார் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர். மெர்சி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! நாங்கள் நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். எங்கள் ஆயர் பேய் என்ற சொல்லைப் பிரசங்கத்தில் எடுத்தால்கூட அடுத்த வரியில் அதை மனச்சாட்சி என்று மாற்றிவிடுவார். செய்வினையாவது மண்ணாங்கட்டியாவது என்று கத்தினேன். இயேசு பேய்களைத் துரத்தினார் என்று ஞாயிறுதோறும் வாசிக்கிறோமே, அது எதற்கு என்று அவள் கேட்டாள்.  அவள் கண்ணுக்குக் கீழே கிடந்த கருவளையத்தைப் பார்த்துவிட்டு, சரி, போகலாம் என்றேன்.

இரண்டாம் சனிக்கிழமை காலை 7.40க்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரகடம் போகும் சாதாரணப் பேருந்து கிடைத்தது. அவளுக்கு இலவசம், எனக்குப் பதினைந்து ரூபாய். சுமார் பதினான்கு கிலோமீட்டர்தான், ஆனால் முடிச்சூர் சாலை நெரிசலில் ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. உபவாச ஜெபம் என்பதால் முந்தின ராத்திரியிலிருந்தே இருவரும் பட்டினி. படப்பையில் இறங்கினால் பரோட்டா மாஸ்டர் கல்லில் கொத்திக்கொண்டிருக்கிறார். விடுதலை தேடி வருகிறவனுக்கு இது நியாயமே இல்லை.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய், பேரம் பேசினால் எழுபது. இடத்தைச் சொல்லும் முன்பே டிரைவருக்குப் புரிந்துவிட்டது.

"ஜெபத்துக்கா சார்? போன மாசம் ஒரு அம்மா, போகச்சொல்ல அழுதுகினே வந்துச்சு, திரும்பச்சொல்ல சிரிச்சிகினு போச்சு. நான் கோயிலுக்குப் போற ஆளு. ஆனா இன்னாவோ ஒண்ணு கீது சார் அங்க" என்றார்.

இன்னாவோ ஒண்ணு. அன்றைக்கு நான் கேட்டதிலேயே எனக்குப் புரிந்த விளக்கம் இதுதான்.

தகரக் கூரை போட்ட பெரிய கூடம், கீழே பாய், இருநூறு பேர் இருப்பார்கள். மூன்றாவது வரிசையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் சபைச் செயலாளர்! அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

வாசலில் ஒரு படிவம் தருகிறார்கள். இருபத்துநான்கு கேள்விகள். கயிறு கட்டியதுண்டா, ஜாதகம் பார்த்ததுண்டா, முன்னோர் யாராவது குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்ததுண்டா? நான்கு தலைமுறைக்கு முன்னால் எல்லாரும்தானே வைத்தார்கள், இதற்கு என்ன எழுதுவது? பதினெட்டாவது கேள்வி, பிற தெய்வங்களுக்குப் படைத்ததைச் சாப்பிட்டதுண்டா, கொடுத்தவர் யார் என்பது. என்னைப் போன்ற சோம்பேறி விட்டுவிடுவான். மெர்சி பரீட்சைத் தாளில் காலி இடம் கண்டாலே சிவப்பு மையில் சுழிக்கிறவள். 'கஸ்தூரி, பக்கத்து வீடு' என்று முத்து முத்தாக எழுதினாள்.

கஸ்தூரி அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே ஒரு மதில். பதினோரு வருடமாகக் கொழுக்கட்டையும் சுண்டலும் அதன்மேல்தான் இந்தப் பக்கம் வருகின்றன. கிறிஸ்துமஸ் கல்கலும் கேக்கும் அந்தப் பக்கம் போகின்றன. டப்பாவை யாரும் காலியாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. மெர்சிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பத்து நாள் எங்கள் அடுப்பைப் பற்றவைத்தது அக்காதான்.

பத்து மணிக்குப் பாட்டு தொடங்கியது. பன்னிரண்டரைக்கு எங்கள் முறை வந்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிஸ்டர் ஒரு கையால் மெர்சியின் தலையைத் தொட்டார். மற்றொரு கையில் அந்தப் படிவம்.

"உன்னை அனுப்புனது யாரு? இயேசுவின் நாமத்துல பேரைச் சொல்லு" என்றார்.

ஒரு முறை, இரண்டு முறை, நான்கு முறை கேட்டார். மெர்சியின் கழுத்து ஆடத் தொடங்கியது. ஐந்தாவது முறை, இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் நான் கேட்டிராத ஒரு கரகரத்த குரலில், "கஸ்தூரி" என்றாள். கூடம் முழுக்க அல்லேலூயா. மெர்சி பாயில் சாய்ந்தாள். சிரிக்கலாம் என்று வந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

சிஸ்டர் கெட்டவர் என்று எழுத ஆசைதான், முடியவில்லை. தன் முந்தானையால் மெர்சியின் முகத்தைத் துடைத்துவிட்டு அழுதார். மாத்திரையை நிறுத்தாதே என்றார். யாரோடும் சண்டை வேண்டாம், அந்த அம்மாவுக்காகவும் ஜெபம் பண்ணு என்றார். அதோடு, நாற்பது நாள் அந்தக் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடக்கூடாது, மதில் ஓரம் இந்த எண்ணெயை ஊற்று என்று ஒரு சின்ன பாட்டிலும் கொடுத்தார். கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் மெர்சி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். முப்பத்தைந்து நிமிடம், வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. ஏழு மாதத்தில் நான் பார்க்காத தூக்கம். தோள் மரத்துப்போனது, அசைய மனம் வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. முடிச்சூரில் ஒரு ஹாரன் சத்தத்தில் விழித்தாள்.

"ஏங்க, அந்தப் பேரை நானா சொன்னேன்?"

"உன் வாயிலேர்ந்துதான் வந்துச்சு."

"அஞ்சு தடவை கேட்டாங்க. பசியில அக்கா வைக்கிற வத்தக்குழம்பைத் தவிர ஒண்ணுமே ஞாபகம் வரலைங்க. அதான் வந்துச்சா, இல்ல நெஜமாவே வேற ஏதாவதான்னு எனக்கே தெரியலை."

படிவத்தில் நீ எழுதியதைத்தான் சிஸ்டர் கையில் வைத்திருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் அதைப் படிக்கவில்லையே, கண்ணை மூடிக்கொண்டுதானே இருந்தார்? தூங்கிய முகத்தைப் பார்த்த பிறகு எதைச் சொல்வது? 

வீடு சேர்ந்தபோது மணி 3.50. தூறல் போட்டிருந்தது. எங்கள் கொடியில் காய்ந்த துணியையெல்லாம் கஸ்தூரி அக்கா எடுத்து மடித்து வைத்திருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டார், சொந்தக்காரர் வீடு என்றேன். சொந்தக்காரர் வீட்டில் சோறு போடவில்லையா, முகம் இப்படி வாடிக் கிடக்கிறதே என்று உள்ளே போய், நீல மூடி டப்பா நிறைய எலுமிச்சை சாதம் கொண்டுவந்தார். மெர்சி ஒரு கணம் தயங்கினாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள்.

மேஜைமேல் ஒரு பக்கம் எண்ணெய் பாட்டில், ஒரு பக்கம் டப்பா. மெர்சி டப்பாவைத் திறந்தாள்.

"அவங்களுக்காக ஜெபம் பண்ணச் சொன்னாங்கல்ல? பண்ணிட்டேன். இப்ப பசிக்குது" என்று பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கும் தட்டில் வைத்தாள்.

நான் பசியில்லை என்றேன். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி கிடப்பவன்! செய்வினையாவது மண்ணாங்கட்டியாவது என்று கத்தியவன்! கை போகவில்லை. அந்தக் கரகரத்த குரல் காதிலேயே இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எட்டு மணிக்குள் தாம்பரத்தில் பேருந்து ஏறிவிடுங்கள். மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் சொன்னதையும் விடாதீர்கள். மெர்சி நான்கு நாளாக ஐந்து மணி நேரம் தூங்குகிறாள், ஆனாலும் வியாழக்கிழமை மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம், அவளே சம்மதித்தாள். எது குணமாக்கியது என்று என்னைக் கேட்காதீர்கள். படிவத்தில் ஒரு கேள்வியைக் காலியாக விட்டால் யாரும் திட்டப்போவதில்லை. முக்கியமாக, பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதாதீர்கள்.

எண்ணெய் பாட்டில் இன்னும் திறக்கப்படவில்லை. நேற்று மாலை டப்பாவில் ரவா லட்டு நிரப்பி, கொடுத்துவிட்டு வாருங்கள் என்று மெர்சி என்னிடம் தந்தாள். மதிலுக்கு மேலே நீட்டினேன். அக்கா வாங்கிக்கொண்டு கேட்டார்:

"சாதம் எப்படி சார் இருந்துச்சு? புளிப்பு கொஞ்சம் தூக்கலா போச்சோ?"

"இல்லக்கா, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

திரும்பினால் மெர்சி சமையலறை ஜன்னலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.