செகந்திராபாத் முதல் நெல்லூர் வரை ஒரு விரிசல்

இன்று செகந்திராபாத் திருமுல்கேரியில் எங்கள் வீட்டு செல்லார் சுவரில் விரிசல் அடைக்க மேஸ்திரி யாதகிரி வந்தார்.

தரைக்குக் கீழே இருக்கும் அறை அது. ஒவ்வொரு மழைக்கும் விரிசல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவன் நான். அதை அடைக்காமல், சின்னவளாக இருந்த மகளிடம் "பாரு, இதுதான் சென்னை போற லைன்" என்றேன். விரிசல் நீளும்போதெல்லாம் அவள் அடுத்த ஸ்டேஷன் பெயரை எழுதுவாள்.

செகந்திராபாத்தை என் தோளில் உட்கார்ந்து எழுதினாள். நெல்லூர் வந்தபோது பத்தாம் வகுப்பு. தரையில் சம்மணம் போட்டு எழுதினாள்.

யாதகிரி உளியை எடுத்ததும், செகந்திராபாத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"நக்கோ சாப். பானி உதரிச் சே ஆரா."

கூடாதாம், தண்ணீரே அங்கிருந்துதான் வருகிறதாம்.

புனேயில் இருக்கும் மகளுக்கு வீடியோ கால் போட்டேன். சுவரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"உடைக்கச் சொல்லுங்க டாடி. அந்த ஈரத்துலதானே அம்மாவுக்கு இழுப்பு வருது. போனை மட்டும் அப்படியே புடிச்சுக்கோங்க."

காசிப்பேட்டை, வாரங்கல், விஜயவாடா என்று ஒவ்வொன்றாக உதிர்ந்தது. நெல்லூர் வரைக்கும் அவள் போனை வைக்கவில்லை.

"அன்னிக்கே அடைச்சிருந்தா ஒரு கரண்டி சிமென்ட்டோட போயிருக்கும்" என்கிறாள் மனைவி.

சோம்பேறித்தனத்துக்குப் பூகோளப் பாடம் என்று பேர் வைத்த அப்பா நான் ஒருத்தன்தானா, கூட யாராவது இருக்கிறீர்களா?