சாமி படம்

போன மாதம் எங்கள் ஊர்க் கோயில் பங்கின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. புதிதாக ஏதோ ஒரு படம் வந்திருக்கிறதாம், அதில் குருக்களைக் கேவலப்படுத்தியிருக்கிறார்களாம், கத்தோலிக்கர் யாரும் பார்க்க வேண்டாமாம். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். என் அம்மாவும் ஒரு கும்பிடு போட்டிருந்தாள். இந்த மாதிரிப் படங்களில் என்ன கதை இருக்கும் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கும்பிடு போடத்தான் அவளுக்கு வரும். முப்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போதும் இப்படி ஒரு படம் வந்தது. வேறு ஏதோ தேசத்துக் கதை, தமிழில் பேச வைத்திருந்தார்கள். தியேட்டருக்கெல்லாம் வரவில்லை. ராமேஸ்வரத்தில் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பார்களே, அப்படித்தான் தீவுக்குள் புகுந்தது. பெரியவர்களாகிவிட்ட சிலர், தாங்கள் சிறுவர்களாக இருந்தபோது விடுதியில் ஒரு சாமியார் தங்களைக் கெடுத்ததைச் சொல்கிற படம் என்று ஊரில் குசுகுசுத்தார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகளிடம் 'சாமியப் பத்தித் தப்பாச் சொல்ற படம்' என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் பக்கம் கடவுளும் சாமிதான், கோயிலில் பூசை வைக்கிற குருவும் சாமிதான். ஆகவே யாரோ இயேசுவைத் திட்டிப் படம் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு அந்தப் படத்தின்மேல் வந்த கோபம் பொய்க் கோபம் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். எங்கள் படகுகளை எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போகிறபோதெல்லாம் பெண்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தது சாமியார்கள்தான். 'நம்ம ஆளுகள அங்கன பிடிச்சு வச்சிருந்தப்ப படம் எடுத்தவனா வந்தான்?' என்று ஊர்த் தலைவர் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கில் கேட்டார். பெண்கள் பக்கம் அழுகைச் சத்தம் எழுந்தது. பிறகு எல்லோரும் பீடத்தைப் பார்த்து வலது கையை நீட்டி, அந்தப் படத்தைப் பார்க்க மாட்டோம், வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று சத்தியம் செய்தோம். நானும் கையை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவளைவிட உயரமாக நீட்டினேன்.

சத்தியம் செய்யாத ஒரே ஆள் என் சித்தப்பா. அவர் கோயிலுக்கு வருவார், உள்ளே வரமாட்டார். கொடிமரத்தடியில் நின்று பூசை பார்ப்பார், நன்மை அப்பம் வாங்கமாட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, ஏனென்றால் அவருக்கு ஒரு கதை இருந்தது. தாத்தா கடலோடு போன பிறகு மூத்த மகனான எங்கள் அய்யாதான் வீட்டுக்குத் தலைவர். தம்பியைச் சாமியாராக்குவதாக நேர்ந்துகொண்டு, பன்னிரண்டு வயதில் வெளியூர்க் குருமடத்தில் கொண்டுபோய் விட்டார். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, சித்தப்பா தனியாக பஸ் ஏறி ஓடி வந்துவிட்டார். அய்யா அடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார். மறுபடியும் ஓடி வந்தார். அதன் பிறகு அங்கே அவரைச் சேர்க்கவில்லை. ஊர் அவருக்கு 'அரைச்சாமி' என்று பெயர் வைத்தது. கரையில் படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கிற அளவுக்கு வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. 'அரைச்சாமி சித்தப்பா, தோத்திரம்!' என்று நான் கும்பிடுவேன். அவரும் சிரித்துக்கொண்டே கிரீஸ் அப்பிய கையைத் தூக்கி ஆசீர்வதிப்பார்.

அந்தத் தவக்காலம் முடிந்ததும் அவருக்குக் கல்யாணம். உப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு கரையூரில் பெண். அவருக்கு முப்பதை நெருங்கிவிட்டது. பெண் பார்க்கலாம் என்று சொன்னபோதெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தவர், இந்தப் பெண்ணைப் பார்த்த பிறகுதான் சரியென்றார். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று பெயர். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது மட்டும் பாக்கி. அந்த நாட்களில் சித்தப்பா வேலை செய்யும்போது விசிலடித்துக்கொண்டே இருப்பார்.

ஒரு மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். ஷெட்டில் அவர் செல்போனை ஆயில் டப்பாவில் சாய்த்து வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய் ஒட்டி உட்கார்ந்தேன். அவர் கவனிக்கவேயில்லை. படத்தில் ஒரு பையன் கோயில் அறையில் பித்தளை விளக்குத்தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெள்ளை அங்கி போட்ட ஒரு சாமியார் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவ்வளவுதான். சித்தப்பா அந்த இடத்தில் நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி போட்டார். கதவு சாத்துகிற இடத்தில் மறுபடியும் நிறுத்தினார்.

"சித்தப்பா, அந்தச் சாமி ஏன் கதவச் சாத்துறாரு?"

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "வெயிலு கண்ணு கூசும்ல, அதுக்குத்தான்" என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழவில்லை, மூக்கைச் சட்டையில் துடைத்துத் துடைத்து அழுதார். பெரிய ஆண்கள் அழுவதைச் சாவு வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு பயமாகிவிட்டது. தூக்குவாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஓடி வந்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த வருடம்தான் எனக்குப் புதுநன்மை, நன்மை அப்பத்தை முதன்முதலாக வாங்குகிற சடங்கு. அதற்கு முன் சாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சாமியிடம் போய் முழங்காலிட்டதும் பிள்ளைகளுக்கு எல்லாம் மறந்துபோகும் என்று எங்களுக்கு உபதேசம் சொல்லித் தந்த சிஸ்டர், பாவங்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிவரச் சொன்னார். எனக்கு எழுத ஒன்றுமில்லை. அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை, மாங்காய் திருடினேன் என்பதெல்லாம் எல்லோரும் எழுதுகிற பாவம். சத்தியத்தை மீறியது பெரிய பாவம் என்று ஊர்த் தலைவரே சொல்லியிருந்தார். ஷெட்டில் பார்த்தது அந்தப் படம்தான் என்று அதில் வந்த சாமியாரை வைத்து எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'சித்தப்பாவோடு சேர்ந்து சாமி படம் பார்த்தேன்.'

சிஸ்டர் சீட்டுகளைத் திருத்துவதற்காக வாங்கிப் பார்த்தார். என்னுடையதைப் படித்ததும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, சாமி படம் பாக்குறது பாவமா? நல்லதுதான?"

"அந்தச் சாமி படம் இல்ல சிஸ்டர்" என்றேன். "நம்ம சாமி படம். பாக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணமே, அது. சித்தப்பா அழுதுச்சு சிஸ்டர். கதவச் சாத்துற எடத்துல நிப்பாட்டி நிப்பாட்டி அழுதுச்சு."

சிஸ்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. சீட்டை நான்காகக் கிழித்துக் கைக்குள் மூடிக்கொண்டார். "இத எழுதாத. இது ஒன் பாவம் இல்ல" என்றார்.

"அப்பன்னா யாரு பாவம் சிஸ்டர்?"

"மணி அடிச்சிருச்சு, எல்லாரும் எந்திரிங்க" என்றார் சிஸ்டர். மணி அடிக்கவில்லை.

சீட்டைக் கிழித்து என்ன பிரயோசனம்? எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஊர்த் தலைவரின் மகள். அன்று சாயங்காலமே ஊர்க் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சத்தமெல்லாம் போடவில்லை, காப்பி குடித்துவிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சித்தப்பா பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அங்கேயே மூன்றாவது ஓலையை வாசித்துவிடலாம். இல்லையென்றால் ஓலை வாசிக்கச் சாமியிடம் ஊர் சம்மதம் சொல்லாது.

அவர்கள் போன பிறகு அய்யா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ரெண்டு வார்த்தைதான? சொல்லிட்டு வந்துரு. பொண்ணு வீட்டுல கேட்டா நா என்னத்தச் சொல்ல?"

"என்னத்துக்குண்ணே மன்னிப்பு? படம் பாத்ததுக்கா?"

"ஊரே சத்தியம் பண்ணுச்சுல்ல."

"ஊருக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்ல" என்றார் சித்தப்பா. அவர் அய்யாவிடம் அப்படி நேருக்கு நேர் நின்று பேசி நான் பார்த்ததில்லை. "பதிமூணு வயசுல பஸ் ஏறி வந்து ஒங்கிட்டத்தான சொன்னேன்? அடிச்சு இழுத்துட்டுப் போயி அந்த ஆளுகிட்டயே விட்டுட்டு வந்தேல்ல?"

அய்யா சித்தப்பாவைத் தாண்டி என்னைப் பார்த்து, "சின்னப்புள்ள நிக்குது" என்றார். உடனே அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

"சித்தப்பா அப்ப என்னம்மா சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"அங்க சோறு நல்லா இல்லன்னு சொன்னாரு. போயி வெளையாடு" என்றாள் அம்மா.

நான் அதை நம்பினேன். பல வருடம் நம்பினேன். சோறு பிடிக்கவில்லை என்று குருமடத்தை விட்டு ஓடி வந்தவர், அதற்கு அய்யா அடித்ததை இத்தனை நாள் மனதில் வைத்துக்கொண்டு வீம்பு பண்ணுகிறார் என்று எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. கல்யாணத்துக்கு எனக்கு அடுக்கு வைத்த ரோஸ் கலர் கவுன் தைக்கக் கொடுத்திருந்தார்கள். கல்யாணம் நின்றால் அது என்ன ஆவது என்பதுதான் என் கவலை. 'மன்னிப்புக் கேட்டுருங்க சித்தப்பா' என்று நானும் போய்ச் சொன்னேன். சிஸ்டரிடம் உளறியவள் நான்தான் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிற்காலத்தில் சென்னையில் விடுதியில் இருந்தபோது அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். கதவு சாத்துகிற இடத்துக்கு மேல் என்னாலும் போக முடியவில்லை. எனக்கு அந்தச் சாமியார்மேல் வந்த கோபத்தைவிட, காப்பி குடித்துவிட்டு மரியாதையாகப் பேசிய அந்த நாலு பேர்மேலும், 'சின்னப்புள்ள நிக்குது' என்ற என் அய்யாமேலும் வந்த கோபம்தான் அதிகம். இன்றுவரை அது ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, மீசையைத் திருத்தி, கொடிமரத்தைத் தாண்டி உள்ளே வந்தார். அந்தப் பெண்ணுக்காகத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். பூசை முடிந்து பீடத்துப் படிக்குக் கீழே முழங்காலிட்டார். பிள்ளைகள் நாங்கள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஊர்த் தலைவர் மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தார்.

"பாக்கக் கூடாத படத்தப் பாத்துட்டேன். ஊரு மன்னிக்கணும்" என்று சித்தப்பா மனப்பாடம் செய்த மாதிரிச் சொன்னார்.

ஊருக்கு நிம்மதி வந்துவிட்டது. பெண்கள் பக்கம் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் பங்குச் சாமி நல்ல மனிதர், அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னதே அவருக்குப் பிடிக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். பிடிக்கவில்லை என்பதை அவர் யாரிடமும் சத்தமாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை. அவர் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். எழுப்பிவிடுவதற்காகக் குனிந்து, ஒரு கையைச் சித்தப்பாவின் தலையில் வைத்தார், இன்னொரு கையால் பிடரியைத் தொட்டார்.

சித்தப்பாவின் இரண்டு கைகளும் தூக்கிவாரிப் போட்டதுபோல முகத்தை மூடிக்கொண்டன. உடம்பு குறுகிப்போனது. மெல்லிய, கீச்சென்ற ஒரு குரல் வந்தது.

"வேணாஞ் சாமி. யார்ட்டயும் சொல்ல மாட்டேஞ் சாமி."

மைக் இன்னும் அங்கேயேதான் இருந்தது. கோயிலின் கடைசி வரைக்கும் கேட்டது. மீசை வைத்த ஆள் சின்னப் பையன் குரலில் பேசியது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததும் பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள், ஆண்கள் பக்கத்திலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சாமி சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஓலையை எடுத்து, இரண்டு முறை தொண்டையைச் செருமி, யாரையும் பார்க்காமல் வாசித்து முடித்தார்.

அய்யா தரையைப் பார்த்தபடியே நின்றிருந்தார். கோயிலில் சிரித்ததற்கு வீட்டில் எனக்கு அடி நிச்சயம் என்று பயந்துகொண்டே போனேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அய்யா சாப்பிடவில்லை. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. சித்தப்பா மட்டும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"நீ சிரிச்சது அங்கன, சாத்துன கதவுக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு பிள்ள" என்றார்.

கோயில் கதவைச் சொல்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.